ஒரு போத்தல் பெற்றோல், அறுபது யூனிற்

வட்டக்கச்சியில் இருக்கும் அக்காவின் மகன் 2025 ஓகஸ்ட்டில் ஓர் இரவு பத்தரை மணிக்கு இரண்டு படங்களை அனுப்பினான். இரண்டும் பாவித்த வீஜீஏ. ஒன்று ஒற்றை விசிறி வைத்த, கைக்குள் அடங்குகிற ஜிடிஎக்ஸ் 1050 ரிஐ, நான்கு ஜிபி. மற்றது இரண்டு விசிறியோடு செங்கல் போலக் கனத்துக் கிடந்த ஆர்எக்ஸ் 580, எட்டு ஜிபி. இரண்டும் வவுனியாவில்தான் விலைக்கு வந்திருந்தன. விலையில் நாலாயிரம் ரூபாய் வித்தியாசம். படங்களுக்குப் பின்னால் அவனுடைய குரல் வந்தது: "மாமா, எதை எடுக்கிறது எண்டு சொல்லுங்கோ. நாளைக்குச் சொல்லாட்டி வேற ஆக்களுக்குக் குடுத்துடுவினமாம்."

"உன்ர பவர் சப்ளை எத்தினை வாற்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு, "நான் எத்தினை பிறேம் வரும் எண்டெல்லோ கேட்டனான் மாமா" என்றான்.

அவனுக்கு வயது 19. அதே 19 வயதில், 2003இல், நானும் இதே வவுனியாவில் இரண்டு வீஜீஏக்களுக்கு நடுவில் நின்றவன். எனக்கும் அன்று பிறேம்தான், செக்கனுக்கு எத்தனை படம் திரையில் ஓடும் என்பதுதான், வேண்டியிருந்தது. ஆனால் வாற்றைக் கேட்காமல் பிறேமைக் கேட்க வன்னியில் அப்போது எவருக்கும் வழி இருக்கவில்லை.

வீஜீஏ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் நாட்டில் கடைக்காரர்கூட கிராபிக்ஸ் காட் என்று சொல்வது குறைவு. வீஜீஏ என்பது 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த ஒரு திரைத்தரத்தின் பெயர். அந்தத் தரம் எப்போதோ பழசாகிப் போனது. பெயர் மட்டும் இங்கே காட்டோடு ஒட்டிக்கொண்டது. அன்றும் வீஜீஏ, இன்றும் வீஜீஏ. எனக்கும் மருமகனுக்கும் இடையில் மாறாமல் இருப்பவற்றில் அது ஒன்று.

2003இல் கிளிநொச்சியில் கம்பி வழி வரும் மின்சாரம் இல்லை. 'லக்சபானா கரண்ட்' என்று பெரியவர்கள் சொல்லும் அந்த மின்சாரம், 1990இல் சண்டை மறுபடி தொடங்கியதோடு நின்றுபோனது. அதன்பின் வந்தது பொருளாதாரத் தடை. எரிபொருள், பற்றரி, சீமெந்து என்று எதுவும் தாராளமாக உள்ளே வராது. நான் ஓ.எல். வரை படித்தது ஜாம் போத்தல் விளக்கில். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவன் மிதியைச் சுற்றுவான். டைனமோவில் றேடியோ பாடும். கல்யாண வீட்டில் ரீவியும் டெக்கும் ஜெனறேற்றரும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவார்கள். மூன்று படம் முடிவதற்குள் எண்ணெய் முடிந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். மின்சாரம் என்றால் எங்களுக்கு அளந்து ஊற்றுகிற ஒரு திரவம்.

2002 தொடக்கத்தில் தடை தளர்ந்தது. பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம். ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. அதன்பிறகு கணினிகள் வரத் தொடங்கின. கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் வாங்கியவை வவுனியா வந்து, ஓமந்தையில் இராணுவச் சோதனை, அப்பால் புளியங்குளத்தில் புலிகளின் வரி என்று இரண்டு வாசல் தாண்டிக் கிளிநொச்சிக்கு வந்து சேரும். கண்ணாடிக் குழாய் வைத்த கனமான மொனிற்றர்களை மெத்தைக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ஏ9 அப்போது வீதி என்றும் சொல்ல முடியாத குழிகளின் தொடர்.

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட இருந்த ஒரு கணினி வகுப்பில் நான் உதவியாளனாக இருந்தேன். ஆறு கணினிகள். பின்வளவில் ஒரு பெரிய ஜெனறேற்றர், ஒரு சின்ன ஜெனறேற்றர். பின்னேரம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை பெரியது ஓடும், வகுப்பு நடக்கும். எட்டு மணிக்கு மாஸ்ரர் அதை நிற்பாட்டிவிட்டுப் போவார். அதன்பின் சின்ன ஜெனறேற்றரும் இரண்டு கணினிகளும் எங்கள் பொறுப்பு. நிபந்தனை ஒன்றுதான்: எண்ணெய் எங்களுடையது. தெருவோரத்தில் போத்தல் கணக்கில் பெற்றோல் விற்பார்கள். ஆறேழு பேர் காசு சேர்த்து ஒரு போத்தல் வாங்கினால் சின்னது ஒன்றரை மணித்தியாலம் வரை தாங்கும். யார் எவ்வளவு போட்டான் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தோம். போட்ட காசுக்கு ஏற்ற நிமிடங்கள் அவனுக்கு.

எங்களுக்குள் இன்னொரு சட்டமும் இருந்தது. கடைசிப் பத்து நிமிடம் எவரும் விளையாடக் கூடாது. எண்ணெய் முடியப்போகும்போது ஜெனறேற்றர் விக்கும். வோல்ற்றேஜ் ஏறி விழும். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பவர் சப்ளை கருகிவிடும். ஒரு தடவை கருகியது. அன்றிலிருந்து போத்தலில் விரற்கடை அளவு மிச்சம் இருக்கும்போதே ஒழுங்காக மூடிவிடுவோம். நாளைக்கான தொடக்கம் அந்த மிச்சத்திலிருந்துதான்.

ஆறு கணினிகளில் ஒன்றில்தான் வீஜீஏ செருகுகிற ஏஜிபி துளை இருந்தது. அதற்கு ஒரு காட் வாங்கிவர மாஸ்ரர் என்னை வவுனியாவுக்கு அனுப்பினார். அவருக்குப் படவடிவமைப்பு வகுப்பு நோக்கம். எங்களுக்கு வேறு நோக்கம். அவருக்கும் அது தெரியும்.

வவுனியாக் கடையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். ஜிபோர்ஸ்4 எம்எக்ஸ் 440, ஜிபோர்ஸ் எப்எக்ஸ் 5200. முதலாவது 2002 பெப்ரவரியில் வந்தது. இரண்டாவது 2003 மார்ச்சில் வந்த புதியது, விலையும் கூட. நான் கேட்ட முதல் கேள்வி, "அண்ணை, எது கரண்ட் கூட இழுக்கும்?" கடைக்காரர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "கிளிநொச்சியோ?" என்று கேட்டார். இரண்டும் பலகையிலிருந்தே மின்சாரம் எடுப்பவை, தனி வயர் தேவையில்லை என்று சொன்னார். அந்த ஒரு பதிலோடு என் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிப் பாதியில் நான் பிழைவிட்டேன். எம்எக்ஸ் 440 என்பதன் முன்னால் 4 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது ஜிபோர்ஸ்2 காலத்து அமைப்பு. திரையில் விழும் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எப்படிக் கணிப்பது என்று விளையாட்டை எழுதுபவரே ஒரு சிறு நிரலாக எழுதிக் கொடுக்கலாம். பிக்சல் ஷேடர் என்பார்கள். அதை ஓட்டுகிற பகுதி எம்எக்ஸில் இல்லை. எப்எக்ஸ் 5200இல் இருந்தது. ஆனால் வேகம் போதாது. பழைய விளையாட்டுகளில் எம்எக்ஸ் அதை முந்தியும்விடும். எப்எக்ஸின் பெயரிலேயே நினைவகப் பாதையைப் பாதியாக வெட்டிய 64 பிற் வகையும் விற்பனையில் இருந்தது. பெட்டியின் முகப்பைப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. எங்களிடம் இருந்தவை புரொஜெக்ட் ஐஜிஐ, கவுண்டர் ஸ்ரைக், அந்த வருடம் மே மாதம் கணினிக்கு வந்திருந்த வைஸ் சிட்டி. மூன்றும் எம்எக்ஸில் நன்றாக ஓடும். காசும் மிச்சம். வாங்கிவிட்டேன்.

ஓமந்தையில் ஒரு சிப்பாய் பெட்டியைத் திறந்து காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிக்கும் பொருள் இல்லை என்று எப்படிச் சொல்வது என எனக்குத் தெரியவில்லை. "கொம்பியூற்றர், ரீவி" என்று கையால் ஒரு சதுரம் கீறிக் காட்டினேன். விட்டார்.

அடுத்த வருடம் கொழும்புக்குப் போய்வந்த ஒருவன் பிரின்ஸ் ஒவ் பேர்சியா, சான்ட்ஸ் ஒவ் ரைம் குறுவட்டைக் கொண்டுவந்தான். எல்லாரும் அன்றைக்கு இரட்டைக் காசு போட்டோம். நிறுவி முடிய முக்கால் மணித்தியாலம். அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி தோன்றி, இந்தக் காட் ஏற்றுக்கொள்ளப்படாது என்று சொல்லிவிட்டது. மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை என்று சொல்ல அதனிடம் வழியில்லை. இல்லாத பகுதி இல்லாததுதான். ஒரு போத்தல் பெற்றோல் போனது; அதைவிட, வவுனியாக் கடையில் நின்று முடிவெடுத்தவன் நான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

2006 ஓகஸ்ட்டில் ஏ9 மூடப்பட்டது. ஒரு போத்தலின் விலை எங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போனது. வகுப்பு நின்றது. 2008இன் கடைசி மாதங்களில் கிளிநொச்சி நகரம் கிழக்குப் பக்கமாகப் பெயர்ந்து போனபோது ஒருவரும் கணினியைத் தூக்கவில்லை. தூக்கியது அரிசி, தறப்பாள், பிள்ளைகள். அக்காவின் கையில் இருந்த இரண்டு வயதுப் பிள்ளைதான் இன்றைக்குப் பிறேம் கேட்கிறவன். அந்தக் கொப்பியில் பெயர் இருந்த ஏழு பேரில் இருவர் இன்று இல்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து 2010இல் திரும்பி வந்தபோது வகுப்பு இருந்த கட்டடத்தின் இரண்டு சுவர் நின்றது. நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

பிறகு வந்தவை வேகமாக வந்தன. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஜப்பானின் கடனுதவியில் 132 கிலோவோல்ற் மின்தடம் இழுக்கப்பட்டு, 2012 அளவில் லக்சபானா கரண்ட் திரும்பி வந்தது. 2013 செப்ரெம்பர் 14இல் கிளிநொச்சிக்கு யாழ்தேவி வந்தது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் வந்தது. வட்டக்கச்சியில் அக்கா வீட்டுக்கு மீற்றர் பூட்டிய நாளில் மருமகனுக்கு ஏழு வயது. சுவிச்சை அவன் அழுத்தினான். ஜாம் போத்தல் விளக்கு என்றால் அவனுக்கு நாங்கள் சொல்லும் கதை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதுதான் அவன் முதன்முதலாக இருட்டில் கொப்பி விரித்தான். அந்தக் கிழமைகளில் அவன் என்னிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: "நீங்கள் எல்லாரும் எத்தினை வருசம் இப்பிடி இருந்தனீங்கள்?"

இனி அவன் அனுப்பிய இரண்டு காட்டுக்கு வருகிறேன்.

ஜிடிஎக்ஸ் 1050 ரிஐயை என்விடியா 2016 ஒக்ரோபரில் 139 டொலருக்கு விட்டது. ஆர்எக்ஸ் 580ஐ ஏஎம்டி 2017 ஏப்ரலில் விட்டது. எட்டு ஜிபி 229 டொலர். புதிதாக இருந்தபோது இவை ஒரே தட்டில் வைத்துப் பேசப்பட்டவை அல்ல. 580க்கு நேர் போட்டி ஜிடிஎக்ஸ் 1060. பாவித்த சந்தையில்தான் பெரியதும் சின்னதும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அதற்கு ஒரு காரணம் உண்டு. எதீரியம் என்ற மின்காசைக் 'கிண்டி' எடுக்க உலகம் முழுக்க இலட்சக்கணக்கில் இந்தக் காட்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 580 அவர்களுக்கு மிகப் பிடித்தமானது. 2022 செப்ரெம்பர் 15இல் எதீரியம் தன் முறையையே மாற்றி, காட்டால் கிண்டும் வேலையை ஒரே நாளில் இல்லாமல் செய்தது. கிண்டியவர்கள் விற்றுத் தள்ளினார்கள். அந்த வெள்ளத்தில் ஒரு கை நீர்தான் வவுனியா வரை வந்திருக்கிறது.

வேகத்தில் சந்தேகமே இல்லை. நினைவகத்திலிருந்து ஒரு செக்கனுக்கு 1050 ரிஐ எடுப்பது 112 ஜிபி. 580 எடுப்பது 256 ஜிபி. விளையாட்டில் 580 ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கூடப் பிறேம் தரும். நாலாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இரண்டு மடங்கு வேகம் என்றால், பெறுமதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிட வேண்டும். ரூபாயின் நிலையையும் நினைக்க வேண்டும். 2016இல் 139 டொலர் என்றால் வரிகளுக்கு முன் இருபதாயிரத்துச் சொச்சம் ரூபாய். இன்றைய மாற்று வீதத்தில் அதே 139 டொலர் நாற்பதாயிரத்தைத் தாண்டும். புதுக் காட் என்பது வட்டக்கச்சியில் ஒரு போகம் நெல்லோடு வைத்து யோசிக்க வேண்டிய சாமான் ஆகிவிட்டது. அதனால்தான் எட்டு ஒன்பது வருடப் பழசுகள் இவ்வளவு கவனமாக ஒப்பிடப்படுகின்றன. பழசை ஒப்பிடுகிற பிள்ளை நேரத்தை வீணாக்குகிறான் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காசு குறைந்த இடத்தில்தான் கணக்குக் கூர்மையாகிறது.

அப்படியிருந்தும் நான் வாற்றைக் கேட்டேன். 1050 ரிஐ எடுப்பது 75 வாற். தனி வயர் வேண்டாம். துளையில் செருகினால் ஓடும். 580 எடுப்பது 185 வாற் வரை. அதற்கு எட்டு ஊசி வைத்த தனி வயர் வேண்டும். மருமகனிடம் இருந்தது கொழும்பிலிருந்து வந்த பாவித்த டெல் ஒப்ரிபிளெக்ஸ். ஒரு காலத்தில் ஏதோ ஒரு கந்தோரின் மேசையில் இருந்தது. வன்னியில் இன்றைக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் கணினிகளில் பாதி இப்படிப்பட்டவைதான். நல்ல உழைப்பாளிகள். ஆனால் அவனுடையதில் பவர் சப்ளை 290 வாற், அந்த எட்டு ஊசி வயர் கிடையாது. வெளிச்சந்தைப் பவர் சப்ளையை நேரே மாட்டவும் முடியாது, மதர்போட்டில் டெல்லின் தனி வகைச் செருகி. இடையில் ஒரு மாற்று வயர் தேவை. ஆக 580 என்றால் பவர் சப்ளை, மாற்று வயர், இரண்டும் சேர்த்துத்தான் விலை. நாலாயிரம் வித்தியாசம் என்று படத்தில் தெரிந்தது கையில் வரும்போது மூன்று மடங்கைத் தாண்டும்.

இன்னும் ஒன்று, மின்சார பில். அக்கா வீட்டில் மாதம் 55 யூனிற் அளவில் ஓடும். 60 யூனிற்றுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணை. 60ஐத் தாண்டினால் வேறு அட்டவணை, முதல் யூனிற்றிலிருந்தே விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம் என்று கட்டணம் ஏறியதை அக்கா மறக்கவில்லை. பிறகு சில தடவை இறக்கினார்கள். 2025 யூனில் மறுபடி 15 வீதம் ஏற்றினார்கள். நான் அவனுக்குக் கணக்கை எழுதி அனுப்பினேன். இரண்டு காட்டுக்கும் வித்தியாசம் 110 வாற். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம், முப்பது நாள்: 13 யூனிற். ஐம்பத்தைந்தும் பதின்மூன்றும் அறுபத்தெட்டு. "1050ஐ எடு. போதும்" என்று முடித்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் வவுனியாவுக்கு வந்து என் கணினிக் கடை வாசலில் நின்றான்.

"மாமா, நீங்கள் ஜெனறேற்றர் காலத்தை வச்சுக் கணக்குப் பாக்கிறீங்கள்" என்றான். கோபமில்லை, வழியெல்லாம் யோசித்து வந்திருக்கிறான். "185 எண்டது முழுசா முறுக்கினால். என்ர மொனிற்றர் 60 ஹேர்ட்ஸ். பிறேமை அறுபதிலை பூட்டி வைப்பன். வோல்ற்றேஜையும் கொஞ்சம் குறைச்சு விடலாம், ஏஎம்டியின்ர மென்பொருளிலேயே இருக்கு. வலரண்ட் விளையாடேக்க அது பாதிகூட இழுக்காது. பெரிய கேம் வந்தால் மட்டும் இழுக்கும். உங்கட 13 யூனிற் பிழை."

அவன் சொன்னது சரி. பெட்டியில் போட்டிருக்கும் வாற் ஒரு உச்சவரம்பு. ஜெனறேற்றரைப் போல நீ விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் குடித்துக்கொண்டிருக்கும் அளவு அல்ல. எனக்கு இது தெரியாததல்ல. தினமும் இதே வேலைதான் செய்கிறேன். ஆனால் கரண்ட் என்று வந்ததும் என் கை தானாகவே மிகக்கூடிய கணக்கைப் போடுகிறது.

வலரண்டுக்கு 1050 ரிஐயே தாராளம் என்று சொல்லிப் பார்த்தேன். ஜிடிஏ 5க்கும் போதும். அவன் அதையும் யோசித்திருந்தான். 2023இல் சைபர்பங்க் 2077 தன் குறைந்தபட்சத் தேவையை உயர்த்தியபோது எழுதிய பெயர்களே ஜிடிஎக்ஸ் 1060 ஆறு ஜிபி, ஆர்எக்ஸ் 580 எட்டு ஜிபி. "1050 இப்பவே கதவுக்கு வெளியிலை. 580 வாசல்படியிலை" என்றான். பிரின்ஸ் ஒவ் பேர்சியா கதையை நான் அவனுக்கு அப்போதுதான் சொன்னேன். வாசல்படியில் நிற்பதும் நிரந்தரமில்லை என்பதையும் சொன்னேன். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டு, ஒளிக்கதிரைக் கணிக்கும் தனிப்பகுதி இல்லாத காட்டில் தொடங்கவே தொடங்காது. அந்தப் பகுதி இரண்டிலும் இல்லை. எம்எக்ஸ் 440இல் பிக்சல் ஷேடர் இல்லாதது போலவேதான்.

ஓட்டுநிரல்களின் ஆயுளும் முடிகிற காலம். 1050 ரிஐயின் பஸ்கல் தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 ஒக்ரோபரோடு நிற்கும், அதன்பின் 2028 ஒக்ரோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் என்று என்விடியா அறிவித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. 580இன் பொலாரிஸ் தலைமுறையை ஏஎம்டி 2023 கடைசியிலேயே தனி வரிசைக்கு ஒதுக்கிவிட்டது. அறிவியல் நகரில் கணினிப் பொறியியல் கிடைத்தால், காட்டையே கணக்குப் போட வைக்கும் குடா நிரல் எழுத என்விடியா வேண்டுமே என்ற என் கடைசி வாதமும் நிற்கவில்லை. அந்த மாதம் வந்த குடா 13 பஸ்கலைக் கைவிட்டிருந்தது.

"சரி, போய்ப் பாப்பம்" என்றேன்.

பாவித்த காட் பார்க்கப் போகும்போது நான் என் சோதனைக் கணினியைக் கொண்டுதான் போவேன். முதலில் பெயர். 2003இல் 64 பிற் எப்எக்ஸ் இருந்தது போல இன்றும் ஒரே பெயரில் இரண்டு சாமான் இருக்கிறது. சீனச் சந்தைக்கென்று 2018இல் விட்ட 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' உண்மையில் ஒரு 570. உண்மையான 580க்குள் இருப்பது 2304 கணிப்பலகு. ஜிரி 1030 என்றால் இன்னும் மோசம்: 2017இல் வந்த ஜிடிடிஆர்5 வகை செக்கனுக்கு 48 ஜிபி எடுக்கும், அடுத்த வருடம் அதே பெயரில் வந்த டிடிஆர்4 வகை 17ஐக்கூட எட்டாது. இதற்கு ஜிபியூ-இசெட் என்ற சிறு மென்பொருள் போதும். ஆனால் விற்பவரின் படத்தை நம்பாமல் நம் கண்முன்னே திறக்க வேண்டும்.

அடுத்தது, கிண்டிய காட்டா என்பது. கிண்டியது என்பதற்காக ஒதுக்கத் தேவையில்லை. சீரான வெப்பத்தில் ஓடியது, இரண்டு வருடம் தூசியில் அவிந்த காட்டைவிட நல்லதாக இருக்கலாம். பார்க்க வேண்டியது விசிறி ஆடுகிறதா, வெப்பப் பட்டைகள் எண்ணெய் விட்டுப் பலகையில் கறை பிடித்திருக்கிறதா, உள்நிரலை மாற்றியிருக்கிறார்களா என்பவை. நினைவகத்தை முறுக்குவதற்காகக் கிண்டுபவர்கள் உள்நிரலை மாற்றுவார்கள். அப்படியே விட்டு விற்றால் மேசையில் படம் அழகாக வரும், விளையாட்டுத் தொடங்கிப் பத்தாவது நிமிடம் திரை கறுக்கும். கால் மணித்தியாலம் பர்மார்க் ஓட்டி வெப்பத்தையும் திரையில் புள்ளி விழுகிறதா என்பதையும் பார்க்காமல் நான் காசைக் கொடுக்க விடுவதில்லை. வன்னி வெயிலுக்கு இன்னும் ஐந்து பாகை கூட்டித்தான் எதையும் கணக்கெடுக்க வேண்டும்.

2304 காட்டியது. உள்நிரல் மாற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் சின்னச் சுவிச் ஒன்று இருந்தது. சில காட்டுகளில் இரண்டாவது உள்நிரல் ஒன்றை வைத்திருப்பார்கள். தட்டிப் பார்த்தேன். அது கைபடாமல் இருந்தது. கால் மணித்தியாலம் ஓடி 76 பாகையில் நின்றது. மருமகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தொலைபேசி திருத்தும் கடையில் ஆறு மாதம் நின்று சேர்த்த காசு அவனுடைய சட்டைப் பைக்குள் இருந்தது.

"எடு" என்றேன்.

பவர் சப்ளையை என் கடையில் கழற்றி வைத்திருந்த நல்ல ஒன்றைக் கொடுத்தேன். மாற்று வயர் கொழும்பிலிருந்து வர நாலு நாள் எடுத்தது. மாட்டிய அன்று நானும் வட்டக்கச்சிக்குப் போயிருந்தேன். வலரண்டைத் தொடங்கிவிட்டு வாற் காட்டுகிற இடத்தை என் பக்கம் திருப்பினான்: 70க்கும் 80க்கும் இடையில். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மின்னல் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடு, கிழமைக்கு ஒருக்கா தூசி தட்டு என்று மட்டும் சொன்னேன். எட்டு மணிக்கு அவனுடைய மச். எதிர்ப்பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை, மும்பாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சேர்வருக்கு அப்பால். கொப்பியில் பெயர் எழுதித் தன் முறை வரும் வரை பின்னால் நின்ற ஏழு பேரை அந்த அறையில் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்பது திரும்பி வரும் வழியில்தான் எனக்கு விளங்கியது.

முதல் மாத பில் 63 யூனிற். அக்கா தொலைபேசியில் சொன்னாள்: பில் வந்த அன்று பின்னேரம் போன மாதத்து பில்லைத் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்துவிட்டு, மிச்சக் காசை மேசையில் வைத்திருக்கிறான்.

"நான் கேக்கேல்லையடா. தானாத்தான் வச்சவன்."

அடுத்த மாத பில்லை அவனே படமெடுத்து அனுப்பினான். குரல்பதிவு எதுவும் இல்லை. யூனிற் எண்ணைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம் போட்டிருந்தான்: 59.